குருதியில் ஓர் எழுத்துப் பிழை



கற்பிட்டிக்கும் சிலாபத்துக்கும் இடையே உள்ள நமது கடற்கரைக் கிராமங்களில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் கடற்றொழிலாளி, தாய் கருவாடு காயவைத்து விற்பவள். இருவரும் நல்ல தேகசுகம் உள்ளவர்கள். முதற் பிள்ளை பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தது. ஆறு மாதம் கடந்ததும் பிள்ளை வெளிறத் தொடங்குகிறது. பால் குடிக்க மறுக்கிறது, மெலிகிறது, வயிறு மட்டும் உப்புகிறது. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், “இது தலசீமியா. பிள்ளைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றவேண்டும்” என்கிறார்.

வீடு திரும்பியதும் வேறொரு துன்பம் ஆரம்பமாகிறது. மாமியார் மருமகளின் குடும்பத்தைக் குறை கூறுகிறார். அயலார் செய்வினை என்கிறார்கள். வேறு சிலர், யார் செய்த பாவமோ என்று பெருமூச்சு விடுகிறார்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் ஆண்டவரிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பெற்றோர்மீது பழி போடுவதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை நாம் அறிவோம்.

அப்படியானால் அந்த நோய் எங்கிருந்து வந்தது? நோயற்ற தாய்க்கும் நோயற்ற தகப்பனுக்கும் நோயுள்ள பிள்ளை பிறப்பது எவ்வாறு? இதைப் படிப்படியாகப் பார்ப்போம். சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள். வாசித்து முடிந்ததும், வீட்டில் திருமண வயதை அடைந்த பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையிலும் இதைக் கொடுங்கள்.

துறவி எண்ணிய பட்டாணிகள்

பரம்பரையின் விதியை முதன்முதலிற் கண்டவர் ஒரு துறவி. அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல் (1822–1884) என்பவர், இன்று செக் நாட்டில் உள்ள பிர்னோ நகரின் மடத்துத் தோட்டத்தில், 1856 முதல் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார்.

உருண்டை விதை தரும் செடியையும் சுருங்கிய விதை தரும் செடியையும் அவர் கலந்தார். அடுத்த தலைமுறையில் எல்லா விதைகளும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அழிந்துபோயிற்று என்றுதான் எவரும் எண்ணுவர். மெண்டல் அவ்விதைகளை மீண்டும் முளைக்க வைத்து, அச்செடிகள் தந்த விதைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். உருண்டை விதைகள் 5474. சுருங்கிய விதைகள் 1850. அதாவது மூன்றுக்கு ஒன்று. மறைந்திருந்த சுருக்கம் பேரப்பிள்ளைகளின் காலத்தில் வெளியே வந்துவிட்டது!

இதிலிருந்து மெண்டல் கண்ட உண்மை யாதெனில், ஒவ்வொரு குணத்துக்கும் செடியில் இரண்டு அலகுகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. ஓர் அலகு மற்றதை மறைக்கலாம், அழிப்பதில்லை. மறைந்த அலகுகள் இரண்டு ஒரே விதையிற் சேரும்போதே அக்குணம் வெளிப்படும். இவ்வலகையே இன்று நாம் பரம்பரையலகு அல்லது மரபணு என்கிறோம்.

1866 இல் இவ்வாய்வு அச்சிடப்பட்டும் கவனித்தவர் மிகச் சிலரே. 1900 ஆம் ஆண்டில் வேறு விஞ்ஞானிகள் இதே விதியைக் கண்டபோதுதான் உலகம் விழித்தது. அப்போது மெண்டல் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கலத்தினுள் இருக்கும் பதிவேடு

மெண்டல் கண்ட அந்த அலகு எதனால் ஆனது? நமது உடல் எண்ணிறந்த கலங்களால் ஆனது. கலத்தின் நடுவே கரு உண்டு. கருவினுள் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. 23 தாய் வழி வந்தவை, 23 தந்தை வழி வந்தவை. ஒவ்வொரு நிறமூர்த்தத்தினுள்ளும் டி.என்.ஏ. என்னும் மிக நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. ஒரு கலத்தில் உள்ள இழைகளை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு மீற்றர் வரும்.

முறுக்கிய நூலேணி போன்ற இதன் அமைப்பை 1953 இல் வாற்சன், கிறிக் என்ற இருவர் விளக்கினர். றோசலிண்ட் பிராங்ளின் அம்மையார் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்கள் அதற்குப் பேருதவியாயின. ஏணியின் படிகளில் நான்கு வகைப் பொருள்களே உள்ளன. அவற்றை ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்துகளாகக் குறிப்பர். நமது தமிழுக்கு 247 எழுத்துகள். உயிரின் மொழிக்கோ நான்கே போதும்! ஒரு பெற்றோரிடமிருந்து நாம் பெறும் எழுத்துகள் மட்டும் முந்நூறு கோடி. அந்த நீண்ட வாசகத்தில், ஒரு புரதத்தைச் செய்யும் முறையைச் சொல்லும் பகுதியே ஒரு மரபணு. மனிதனுக்கு அத்தகைய மரபணுக்கள் ஏறத்தாழ இருபதாயிரம்.

புரதம் என்றதும் மீனும் முட்டையும் பருப்பும் நினைவுக்கு வரும். ஆனால் தசை, தோல், முடி, உணவைச் சமிக்கச் செய்யும் நொதியங்கள், குருதியின் செந்நிறம் ஆகிய யாவும் புரதங்களின் வேலையே. நாம் உண்ணும் மீனின் புரதம் அப்படியே நமது புரதமாவதில்லை. அது அமினோ அமிலங்கள் என்னும் சிறு துண்டுகளாக உடைந்து, நமது மரபணு சொல்லும் ஒழுங்கில் மீண்டும் கோக்கப்படுகிறது.

பிரதி எடுத்தலும் வாசித்தலும்

இந்தக் கோத்தல் எவ்வாறு நடக்கிறது? நமது கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெரிய புத்தகம் அலுமாரியை விட்டு வெளியே போவதில்லை. உங்களுக்குச் சான்றிதழ் வேண்டுமானால், உங்களுக்குரிய வரிகளை மாத்திரம் ஒரு தாளில் பிரதி எடுத்துத் தருகிறோம். கலமும் அவ்வாறே செய்கிறது. டி.என்.ஏ. என்னும் பதிவேடு கருவை விட்டு வெளியேறாது. வேண்டிய மரபணுவின் பிரதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் மெல்லிய இழையாக எடுக்கப்படுகிறது. அப்பிரதியில் டி என்ற எழுத்துக்குப் பதிலாக யூ என்ற எழுத்து வரும்.

பதிவேட்டில் வரிகளுக்கிடையே பழைய குருமார் எழுதிவைத்த குறிப்புகள் இருப்பதுண்டு. சான்றிதழில் அவை வரக்கூடாது. அதுபோல மரபணுவின் நடுவிலும் புரதத்துக்கு வேண்டாத பகுதிகள் உண்டு. கலம் முழுவதையும் பிரதி எடுத்து, வேண்டாத பகுதிகளை வெட்டி எறிந்து, மிகுதியை ஒட்டி, பின்னரே கருவுக்கு வெளியே அனுப்புகிறது. எங்கே வெட்டுவது என்பதற்கும் எழுத்திலேயே அடையாளம் இருக்கிறது. இந்த வெட்டும் இடத்தை மறவாதிருங்கள். நமது கதை அங்கேதான் திரும்பப்போகிறது.

வெளியே வந்த பிரதியை றைபோசோம் என்னும் நுண்ணிய கருவி வாசிக்கிறது. மூன்று எழுத்துகள் சேர்ந்தால் ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஓர் அமினோ அமிலம். நான்கு எழுத்துகளை மும்மூன்றாகச் சேர்த்தால் 64 சொற்கள் அமையும். அவற்றில் 61 சொற்கள் இருபது அமினோ அமிலங்களைக் குறிக்கும். மூன்று சொற்கள் “நிறுத்து” என்று கட்டளையிடும். சொல்லுக்குரிய அமினோ அமிலத்தைச் சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் சுமந்துவர, றைபோசோம் அவற்றைச் செபமாலை மணிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறது. நிறுத்தச் சொல் வந்ததும் மாலை முடிகிறது. அதுவே மடிந்து புரதமாகிறது.

இச்சொற்களின் பொருளைக் கண்டறிந்ததற்காக 1968 இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. றைபோசோமின் அமைப்பை விளக்கியதற்காக 2009 இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

பிழை நேர்வது எங்கே?

இனி நமது வெளிறிய பிள்ளையிடம் வருவோம். செங்குருதிக் கலத்தினுள் ஈமோகுளோபின் என்ற புரதம் நிறைந்திருக்கிறது. சுவாசப்பையில் ஒட்சிசனை ஏற்றி உடலெங்கும் கொண்டுபோய் இறக்கும் வள்ளம் இதுவே. இதில் நான்கு சங்கிலிகள் உண்டு. இரண்டு அல்பா, இரண்டு பீட்டா. பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அதற்குரிய மரபணு 11 ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது.

நமது நாட்டில் தலசீமியாவுக்கு முக்கிய காரணமாக உள்ள பிழைகளில் ஒன்று, பீட்டா மரபணுவின் முதலாவது வெட்டும் இடத்தருகே ஜி என்ற எழுத்து இருக்கவேண்டிய ஐந்தாம் இடத்தில் சி என்ற எழுத்து இருப்பதாகும். அவ்வளவுதான். முந்நூறு கோடியில் ஓர் எழுத்து! ஆனால் அடையாளம் மங்கியதால் கலம் தவறான இடத்தில் வெட்டுகிறது. பிரதி கெட்டுப்போகிறது. பீட்டாச் சங்கிலி மிகச் சொற்பமாகவே உண்டாகிறது. துணையின்றி மிஞ்சிய அல்பாச் சங்கிலிகள் திரண்டு, என்பு மச்சையில் உருவாகும் செங்குருதிக் கலங்களை முதிருமுன்பே அழிக்கின்றன. உடல் பதறிப்போய் மேலும் மேலும் கலங்களை உண்டாக்க முயல்கிறது. அதனால் முகத்தின் எலும்புகள் தடிக்கின்றன, மண்ணீரல் வீங்குகிறது.

பிறந்தவுடன் இந்நோய் தெரியாதது ஏன்? தாயின் வயிற்றில் இருக்கும் பிள்ளை பீட்டாவுக்குப் பதிலாகக் காமாச் சங்கிலியைப் பயன்படுத்துகிறது. பிறந்து சில மாதங்களில் காமா குறைந்து பீட்டாவின் முறை வரும்போதே குறை வெளிப்படுகிறது.

இன்னொரு பிழை ஈமோகுளோபின்-ஈ எனப்படும். பீட்டா மரபணுவின் 26 ஆம் சொல் ஜி-ஏ-ஜி என்றிருக்க வேண்டும், ஏ-ஏ-ஜி என்றிருக்கிறது. குளுட்டமிக் அமிலம் வரவேண்டிய இடத்தில் லைசீன் வந்துவிடுகிறது. ஈ மட்டும் இருந்தால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் ஒரு பெற்றோரிடமிருந்து ஈயும், மற்றவரிடமிருந்து தலசீமியாப் பிழையும் சேர்ந்து வந்தால் பிள்ளை நோயாளியாகும். சிலருக்கு இலேசாகவும் சிலருக்குக் கடுமையாகவும் இருக்கும்.

நமது பகுதியில் இது ஏன்?

தலசீமியா என்ற சொல் கிரேக்க மொழியில் “கடற் குருதி” என்று பொருள்படும். மத்தியதரைக் கடலோர மக்களின் பிள்ளைகளில் முதலில் அறியப்பட்டதால் இப்பெயர். எனினும் அது அவர்களுக்கு மாத்திரம் உரியதன்று. 2000 ஆம் ஆண்டில் இலங்கை வைத்தியர்களும் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த டேவிட் வெதராலும் பிறரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இத்தீவின் 703 நோயாளரினதும் 1600 பாடசாலைப் பிள்ளைகளினதும் குருதியை அவர்கள் ஆராய்ந்தனர். 23 வகைப் பிழைகள் காணப்பட்டன. ஆயினும் மூன்று பிழைகளே நோயாளரில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பேரின் நோய்க்குக் காரணம். சிகிச்சை தேவைப்படுவோர் எக்காலத்திலும் 2000 பேருக்கு மேல் இருப்பர் என்றும் அவர்கள் கணித்தனர். நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர் பீட்டா தலசீமியாப் பிழை ஒன்றைத் தாங்கியவர்கள். நோயாளர் நிறைந்திருப்பதாலேயே தேசிய தலசீமியா மையம் நமது மாகாணத்தின் தலைநகரான குருநாகலில் இயங்குகிறது.

இப்பிழை இவ்வளவு பரவக் காரணம் மலேரியா என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். 1949 இலேயே ஜே.பி.எஸ். ஹோல்டேன் இக்கருத்தை வெளியிட்டார். பிழையான மரபணு ஒன்றை மட்டும் உடையவரை மலேரியாக் கிருமி எளிதிற் கொல்வதில்லை. மற்றவர் மடிந்தபோது இவர்கள் தப்பிப் பிள்ளைகளைப் பெற்றார்கள். நமது முதியோர் 1934–35 காய்ச்சலைப்பற்றித் தம் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பார்கள். மழை பொய்த்து, மகா ஓயாவும் சிலாபத்தருகே கடலிற் சேரும் தெதுறு ஓயாவும் குட்டைகளாகத் தேங்கின, நுளம்பு பெருகிற்று, ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். அது போன்ற காய்ச்சல்கள் பல நூற்றாண்டுகளாக வந்துபோன பூமி இது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. நோய் போய்விட்டது, அது நமது குருதியில் விட்டுச்சென்ற அடையாளம் போகவில்லை.

ஆகவே வாசகரே, இப்பிழை ஒரு குடும்பத்தின் சாபம் அன்று. அதைத் தாங்கிய முன்னோர் காய்ச்சலுக்குத் தப்பி வாழ்ந்தமையாலேயே நம்மிற் பலர் இன்று உயிரோடு இருக்கிறோம்.

நான்கில் ஒன்று

ஒரு பிழையான மரபணுவும் ஒரு நல்ல மரபணுவும் உடையவர் “காவி” எனப்படுவர். அவர் நோயாளி அல்லர். வலை இழுப்பார், வயலில் வேலை செய்வார், நீண்ட நாள் வாழ்வார். குருதியில் ஈமோகுளோபின் சற்றுக் குறைந்திருக்கும். செங்குருதிக் கலங்கள் சிறியனவாக இருக்கும். இதை இரும்புச்சத்துக் குறைவென்று எண்ணிக் குளிசை விழுங்குவோரும் உண்டு.

காவி ஒருவர் காவி அல்லாதவரை மணந்தால், பிள்ளைகளுக்கு இந்நோய் வராது, சிலர் காவிகளாகலாம். காவியும் காவியும் மணந்தால் மெண்டலின் பட்டாணிக் கணக்கு இங்கும் வந்துவிடுகிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு பிள்ளை நோயாளியாகும்; நான்கில் இரு பங்கு காவியாகும்; நான்கில் ஒரு பங்கு முற்றிலும் பிழையற்றதாகும். முதற் பிள்ளை நோயாளி என்பதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகவே குலுக்கப்படுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நோயுள்ள பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பிழையைச் சமமாகத் தந்திருக்கிறார்கள். மருமகளை மட்டும் குறை கூற எவருக்கும் நியாயம் இல்லை.

சொந்தத்தில் மணமுடிப்பதைப்பற்றியும் ஒரு சொல். மாமன் மகளை, மச்சானை மணப்பது நம்மிடையே வழக்கம். ஒருவர் காவியானால், அயலார் ஒருவரும் காவியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐம்பதில் ஒன்று. ஆனால் அவருடைய மச்சாளோ மச்சானோ ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து அதே பிழையைப் பெற்றிருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. இத்தகைய மணத்துக்கு மேற்றிராணியாரின் விதிவிலக்கு வேண்டும் என்பதை அறிவீர்கள். விதிவிலக்கு கேட்டு வரும்போது இரத்தப் பரிசோதனையையும் செய்துகொண்டு வருவது புத்தி. சொந்தம் அல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். பிழை சாதி, சமயம், மொழி பார்ப்பதில்லை.

செய்யவேண்டியது என்ன?

நோயுள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உண்டு. அது இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை அகற்ற, தோலின் கீழ் ஊசியேற்றிச் சிறு பம்பின் மூலம் இரவெல்லாம் மருந்து செலுத்துவர். வாயால் உட்கொள்ளும் மருந்தும் இப்போது உண்டு. ஒழுங்காகச் செய்தால் பிள்ளை படித்து, வளர்ந்து, தொழில் செய்து வாழலாம். பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையாற் குணமாகவும் கூடும். நோயாளியின் சொந்தக் கலத்தில் டி.என்.ஏ. எழுத்தைத் திருத்தி, உறங்கும் காமாச் சங்கிலியை எழுப்பும் சிகிச்சைக்குப் பிரித்தானியா 2023 நவம்பரில் அனுமதி அளித்தது. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். அது நமது கைக்கு எட்டும் காலம் வரட்டும் என வேண்டுவோம். ஆனால் ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதிப்பது இன்றே நமது கைக்கு எட்டியது.

முதலில் சாதாரண முழு இரத்தப் பரிசோதனை. அதில் செங்குருதிக் கலங்கள் சிறியனவாகத் தெரிந்தால், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் இரண்டாம் பரிசோதனை. வாழ்நாளில் ஒருமுறை செய்தாற் போதும். அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். எங்கே செய்வது என்று வழி சொல்வார்கள்.

எப்போது செய்வது? கோயிலில் ஓலை வாசித்து, மண்டபம் பேசி, உடுப்புத் தைத்த பின்பு செய்தால் மனவேதனைதான் மிஞ்சும். பேச்சுக்கால் தொடங்குமுன், பாடசாலையை விட்டு வெளியேறும் வயதிலேயே செய்துகொள்வது நன்று. சாதகக் குறிப்பைத் தேடி அலையும் அயலவரைப் பார்த்துச் சிரிக்கிற நாம், சீதனக் கணக்கை மட்டும் பார்த்துப் பிள்ளைகளை இணைப்பது எவ்வகையில் மேலானது? காவி என்று தெரிந்தவரை எவரும் ஒதுக்க வேண்டாம். காவி அல்லாத எவரையும் அவர் அச்சமின்றி மணக்கலாம். ஏற்கெனவே மணமுடித்தவர்கள் இருவரும் சோதித்துப் பார்த்து, வைத்தியரின் ஆலோசனையைப் பெறட்டும்.

வேறொன்றும் செய்யலாம். உங்கள் ஊரில் இரத்ததானம் நடக்கும் நாளில் போய்க் கையை நீட்டுங்கள். மாதந்தோறும் வெளிறிப்போகும் ஒரு பிள்ளைக்கு அந்தப் பை அடுத்த மூன்று வாரத்து விளையாட்டும் படிப்பும் ஆகும்.

இளைஞர் மன்றங்களிற் கலந்துரையாட:

1. இரு காவிகளுக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் சுகதேகிகள். நான்காவது பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு? ஏன்?

2. பிரதியில் ஓர் எழுத்து மாறினால் புரதம் கெடுவதற்கு இப்பாடத்தில் கண்ட இரண்டு வழிகள் யாவை?

3. நமது ஊரில் நோயுள்ள பிள்ளையின் தாய் கேட்கும் பேச்சுகள் எவை? அவற்றுக்கு இனி நாம் சொல்லப்போகும் மறுமொழி என்ன?